குறட்டை விடும் பிள்ளைகள்



சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. அவருடைய மகனுக்கு ஐந்து வயது. இரவில் பெரியவர்களைப் போலக் குறட்டை விடுகிறான். இடையில் மூச்சு நின்று நின்று வருகிறது. வாயைத் திறந்தபடியே தூங்குகிறான். படுக்கை நனைகிறது. காலையில் எழுப்பினால் அழுகிறான். காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டியதில், டொன்சில் இரண்டையும் மூக்கின் பின்புறம் வளர்ந்துள்ள அடினொயிட் சதையையும் அகற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். வாப்பா தொழிலுக்காகக் கட்டாரில் இருக்கிறார். வீட்டில் மாமி சம்மதிப்பதாக இல்லை. “அல்லாஹ் தந்த உறுப்பை வெட்டி எறிவதா? வளர வளரச் சரியாகிவிடும். நபிமருத்துவத்தில் மருந்து இருக்கக் கத்தி எதற்கு?” என்று கேட்கிறாராம். “மௌலவி, மாமி சொல்வதைக் கேட்பதா, டொக்டர் சொல்வதைக் கேட்பதா? மயக்கினால் பிள்ளை எழும்பாமலே போய்விடுவானோ என்று எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்” என்று கடிதம் முடிகிறது.

நான் டொக்டர் அல்லன். அரபுக் கல்லூரியில் ஓதிவிட்டு, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒரு மௌலவி. ஆனாலும் இந்தக் கடிதத்துக்கு ‘வைத்தியரிடம் கேளுங்கள்’ என்று ஒரு வரியில் பதில் எழுத என் மனம் இடந்தரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் குர்ஆன் மத்ரஸாவில் ஒரு மாணவன் இருந்தான். ஏழு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, எப்போதும் திறந்த வாய். அஸருக்குப் பின் வகுப்புத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் தூங்கி விழுவான். விழித்திருக்கும் நேரத்திலோ பக்கத்துப் பிள்ளையைச் சுரண்டாமல் இருக்கமாட்டான். முதலில் முகம் கழுவி வரச் சொன்னேன். பிறகு நிற்க வைத்தேன். பிறகு காதைத் திருகினேன். ஒருநாள் பிரம்பையும் எடுத்தேன். ‘சோம்பேறி’ என்று நான் சொன்னதையே மற்றப் பிள்ளைகளும் அவனுக்குப் பெயராக வைத்துக் கூப்பிடத் தொடங்கினார்கள். தூங்குபவர் விழிக்கும் வரைக்கும், சிறுவர் பருவமடையும் வரைக்கும் அவர்கள் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்ற கருத்தில் வரும் ஹதீஸை அதே வகுப்பறையில் பெரிய மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியவனும் நான்தான். இந்தப் பிள்ளையிடம் அந்த இரண்டு காரணங்களும் ஒன்றாக இருந்தது அன்று எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒரு கிராஅத் போட்டிக்காகச் சில மாணவர்களை இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கூட்டிச் சென்றோம். போட்டியில் ஓத வந்தவன் அவனுடைய நானா. வாப்பாவோடு இவனும் தொற்றிக்கொண்டு வந்துவிட்டான். என் பக்கத்து ஆசனம் அவனுக்குக் கிடைத்தது. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு தூங்கினான். நல்ல குறட்டை. திடீரென்று சத்தம் நின்றது. குனிந்து பார்த்தேன். நெஞ்சும் வயிறும் மாறி மாறி ஏறி இறங்குகின்றன, ஆனால் மூச்சுக் காற்று இல்லை. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பதினைந்து வரை எண்ணியபோது ஒரு திணறல், ஒரு துள்ளல், மறுபடியும் குறட்டை. சற்று நேரத்தில் திரும்பவும் அதே கதை. முன் ஆசனத்தில் இருந்த வாப்பாவைத் தட்டிச் சொன்னேன். “அவன் எப்பவும் அப்படித்தான் மௌலவி, நல்லாத் தூங்குவான்” என்றார். அன்றிரவு நான் கண் மூடவில்லை.

அது நல்ல தூக்கம் அல்ல, வாசகர்களே. நம் தொண்டையில் காற்றுப் போகும் பாதை எலும்புக் குழாய் அல்ல, சதையால் ஆனது. விழித்திருக்கும்போது தசைகள் அதை விரித்துப் பிடித்துக்கொள்கின்றன. தூங்கும்போது அவை தளர்ந்துவிடும். பாதை விசாலமாக இருந்தால் பாதகமில்லை. ஆனால் இரண்டு வயது முதல் எட்டு வயது வரையான காலம், டொன்சிலும் அடினொயிட்டும் தொண்டையின் அளவோடு பார்க்கும்போது மிகப் பெரிதாக இருக்கும் காலமாகும். நெருங்கிய பாதையில் காற்று உரசினால் குறட்டை. பாதை மூடிக்கொண்டால் மூச்சுத் தடை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. உடனே மூளை பிள்ளையை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. பாதை திறந்ததும் மீண்டும் தூக்கம். ஓர் இரவில் இது எத்தனையோ தடவை நடக்கும். ஒன்பது மணித்தியாலம் படுக்கையில் கிடந்தும் அந்தப் பிள்ளை தூங்காத பிள்ளைதான். தூக்கம் போதாவிட்டால் பெரியவர்களாகிய நாம் சோர்ந்து விழுவோம். பிள்ளைகளில் அநேகர் அதற்கு மாறாக ஓரிடத்தில் நில்லாமல் குழப்படி செய்வார்கள், எரிந்து விழுவார்கள், பாடத்தில் கவனம் இருக்காது. நூறு பிள்ளைகளில் ஒருவர் முதல் ஐவர் வரை இந்த நோய் உள்ளவர்கள் என்பது வைத்தியர்களின் கணிப்பு. அப்படியானால் நம் ஊரின் ஒவ்வொரு மத்ரஸாவிலும் ஓரிருவராவது இருப்பார்கள் அல்லவா?

இதை 1889ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹில் என்ற ஆங்கிலேய வைத்தியர், பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதிவிட்டார். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, இரவில் குறட்டை விட்டு, பாடசாலையில் மந்தமாக இருக்கும் பிள்ளையை மூடன் என்று ஒதுக்காமல் வைத்தியர் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இருந்தும் பிள்ளைகளின் இந்த நோயை இரவில் கருவிகளால் அளந்து ஒழுங்காக விவரித்த கட்டுரை 1976இல்தான் வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் கில்லமினோ என்பவரின் குழு, எட்டுப் பிள்ளைகளைப் பரிசோதித்து எழுதியது. வைத்திய உலகுக்கே இத்தனை காலம் எடுத்திருக்கிறது. ஒரு வாப்பா அதை ‘நல்ல தூக்கம்’ என்று நினைத்ததில் என்ன ஆச்சரியம்? பிரம்பெடுத்த என்னைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். வளர வளரச் சரியாகிவிடும் என்று மாமி சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அடினொயிட் பருவ வயதை நெருங்கும்போது தானாகவே சுருங்கும். 2013ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஐந்து முதல் ஒன்பது வயது வரையான 464 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு டொன்சிலும் அடினொயிட்டும் அகற்றப்பட்டன. மற்றப் பகுதியினரைக் கண்காணித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஏழு மாதத்தின் பின் இரவுப் பரிசோதனை செய்தபோது, சத்திரசிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 79 பேருக்கு மூச்சு சீராகியிருந்தது. காத்திருந்தவர்களிலும் நூற்றுக்கு 46 பேருக்குச் சீராகியிருந்தது. ஆகவே நோய் இலேசாக இருந்தால் வைத்தியரின் கண்காணிப்பில் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம். மூக்குக்கு அடிக்கும் ஸ்டீரொயிட் மருந்தைச் சில வாரம் கொடுத்தும் பார்ப்பார்கள். உடல் பருமன் காரணமாக இருந்தால் அதைக் குறைக்க வேண்டும். ஆனால் மூச்சு நின்று திணறும் பிள்ளை, வளர்ச்சி குன்றிய பிள்ளை, பகலில் தூங்கி விழும் பிள்ளை, இவர்களைக் காத்திருக்க வைப்பது வேறு விஷயம். கடுமையான நோயை வருடக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரலுக்குப் போகும் இரத்த நாளங்களில் அழுத்தம் கூடி, இருதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்படும்.

அல்லாஹ் படைத்த உறுப்பை வெட்டலாமா என்பது மாமியின் அடுத்த கேள்வி. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதை ஷைத்தானின் தூண்டுதலாக சூரா அன்னிஸா கூறுகிறது. மாமி அதை மனதில் வைத்துத்தான் பேசுகிறார், அவருடைய ஈமானை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தடை, அழகுக்காகவும் வீண் ஆசைக்காகவும் படைப்பைச் சிதைப்பது பற்றியது. நோயை நீக்குவது அதில் சேராது. நபி (ஸல்) அவர்கள், உபை இப்னு கஅப் (ரழி) அவர்களிடம் ஒரு வைத்தியரை அனுப்பிவைத்து, அவர் நரம்பை வெட்டிச் சூடிட்டார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்கள் வெள்ளியால் செய்த மூக்கைப் பொருத்தி, அது நாற்றமெடுத்தபோது, பொன்னால் செய்துகொள்ளும்படி கூறப்பட்டதும் ஹதீஸ் நூல்களில் உள்ளதுதான். ஆண்களுக்குப் பொன் ஹராம் என்றிருந்தும் அந்த அனுமதி! இவ்வளவும் எதற்கு? பேரனுக்குக் கத்னா செய்த அன்று மாமியே முன்நின்று எல்லாம் செய்திருப்பார். அன்று கத்தியை யாரும் குறை சொல்லவில்லையே.

நபிமருத்துவம் பற்றிய கேள்விக்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிள்ளைகளின் தொண்டை நோய் பற்றி நேரடியாகவே ஒரு ஹதீஸ் இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. உம்மு கைஸ் (ரழி) என்ற பெண்மணி தம் கைக்குழந்தையை நபியவர்களிடம் கொண்டு வந்தார்கள். குழந்தைக்குத் தொண்டை வீக்கம் கண்டு, அக்காலப் பெண்களின் வழக்கப்படி விரலை விட்டு அழுத்தியிருந்தார்கள். ஏன் பிள்ளைகளை இப்படி வதைக்கிறீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் கண்டித்து, இந்திய அகில் எனப்படும் குஸ்த்தை மூக்கின் வழியாகக் கொடுக்கும்படி வழிகாட்டினார்கள். மாமி சொல்வது அனேகமாக இந்த ஹதீஸைத்தான் என்று நினைக்கிறேன். இப்போது குஸ்த் தூளும் எண்ணெயும் கடைகளில் வாங்கலாம்.

இந்த ஹதீஸை நம்புவதில் எனக்கு அணுவளவும் தயக்கமில்லை. ஆனால் அது பேசுவது வீங்கி வலிக்கும் தொண்டையைப் பற்றி. நம் பிள்ளைக்கு வலியே இல்லை. பெரிதாகிவிட்ட சதை, தூக்கத்தில் வழியை மறிக்கிறது. இது அதுதான் என்று முடிவு கட்ட நானும் மாமியும் யார்? எந்த அளவில், எப்படி என்று தெரியாமல் ஐந்து வயதுப் பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விட்டால் அது மூச்சுப் பாதைக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும் ஆபத்தும் உண்டு. அந்த ஹதீஸில் என் நெஞ்சைத் தொடுவது இன்னொன்று. வைத்தியம் என்ற பெயரில் பிள்ளையை வதைக்கக் கூடாது என்பது. இரவு முழுவதும் மூச்சுக்குப் போராடும் பிள்ளையை அப்படியே விட்டுவைப்பதும் வதைதானே?

டொன்சிலை அகற்றுவது இங்கிலீசுக்காரன் கண்டுபிடித்த வேலை என்று நினைப்போருக்கு ஒரு செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முஸ்லிம் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ என்ற தம் நூலின் முப்பதாவது, கடைசிப் பகுதி முழுவதையும் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். நோயாளியை வெயில் வெளிச்சத்தில் இருத்தி, நாக்கை ஒரு கருவியால் அழுத்திப் பிடித்து, டொன்சிலைக் கொக்கியால் இழுத்து வெட்டும் முறை அதில் இருக்கிறது. மயக்க மருந்து இல்லாத காலம் அது! இன்றைய பிள்ளைகள் பாக்கியசாலிகள்.

இப்போதைய முறை இதுதான். பிள்ளையை முழுமையாக மயக்கி, வாயின் வழியாகவே டொன்சிலையும் அடினொயிட்டையும் அகற்றுகிறார்கள். வெளியில் கீறலோ தையலோ கிடையாது. அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். டொன்சிலை வேரோடு எடுக்காமல், அதன் உறையை விட்டுவிட்டு உள்ளிருக்கும் பெரும்பகுதியை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. அதில் வலியும் இரத்தக் கசிவும் குறைவு. சிலருக்கு மீண்டும் வளரலாம் என்பது அதன் குறை. எது பொருத்தம் என்று நிபுணரிடம் தயங்காமல் கேளுங்கள். மேலண்ணத்தில் வெளிக்குத் தெரியாத பிளவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், அடினொயிட்டை எடுத்தபின் பேச்சு மூக்கால் வரக்கூடும்.

சகோதரியின் பயம் மயக்க மருந்தைப் பற்றியது. அதைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆபத்து மிகக் குறைவு, ஆனால் பூச்சியம் அல்ல. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், நோய் கடுமையானவர்கள், பருமனானவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் ஆகியோரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் அன்றிரவு வாட்டில் வைத்து, ஒட்சிசன் அளவைக் கண்காணிக்க வேண்டும். ‘அன்றே வீட்டுக்கு விடுங்கள்’ என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் பிள்ளைக்கு மூச்சு நிற்பதை நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். இன்னொன்று. சத்திரசிகிச்சைக்கு முன் வெறும் வயிறாக இருக்கச் சொன்னால் இருக்கத்தான் வேண்டும். பிள்ளை பசியில் அழுகிறதே என்று யாருக்கும் தெரியாமல் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடும் உம்மாமார் இருக்கிறார்கள். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் அந்த இரக்கமே வினையாகிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் ஏழு முதல் பதினான்கு நாள் வரை வலி இருக்கும். காதும் வலிக்கும். தொண்டையில் வெள்ளைப் படலம் தெரியும், அது சீழ் அல்ல, புண் ஆறும் அடையாளம். வாய் நாறும், பயப்பட வேண்டாம். தண்ணீர், கஞ்சி, ஐஸ்கிரீம் என்று எதையாவது அடிக்கடி குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தொண்டை காய்ந்தால்தான் வலி கூடும். வலிக்குப் பரசிட்டமோல் போன்றவற்றை வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். அஸ்பிரின் கூடாது. கொடெயின் கலந்த மருந்து எதுவும் கூடவே கூடாது. சில பிள்ளைகளின் உடலில் அது மிக வேகமாக மோர்ஃபினாக மாறி மூச்சையே நிறுத்திவிடும். மரணங்கள் நிகழ்ந்ததால் 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. வீட்டில் மிச்சமிருக்கும் இருமல் பாணியின் போத்தலையும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள். இரத்தப் போக்கு முதல் நாளில் வரலாம், அல்லது படலம் உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையில் வரலாம். வாயால் சிவப்பாக இரத்தம் வந்தாலோ, தூக்கத்தில் பிள்ளை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டிருந்தாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

டொன்சில் போனால் எதிர்ப்புச் சக்தி போய்விடாதா என்று கேட்பார்கள். அதே வேலையைச் செய்யும் திசுக்கள் உடம்பில் வேறு இடங்களிலும் இருக்கின்றன. ஆனாலும் 2018இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்று, ஏறத்தாழ 12 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து, ஒன்பது வயதுக்குள் இவை அகற்றப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் சுவாச நோய்கள் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. அகற்றியதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. என் அபிப்பிராயம், சும்மா இருக்கும் டொன்சிலை எடுக்கக் கூடாது, மூச்சை மறிக்கும் டொன்சிலை விட்டுவைக்கவும் கூடாது.

எல்லாப் பிள்ளைக்கும் இதே சத்திரசிகிச்சை என்றும் இல்லை. கைக்குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால், குரல்வளையின் மேற்பகுதி தளர்வாக இருப்பது காரணமாகலாம். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். பால் குடிக்க முடியாமல், எடை ஏறாமல் போகும் சிலருக்கு மட்டும் அந்தத் தளர்ந்த சதையை வாய் வழியாகச் சீராக்குவார்கள். கீழ்த்தாடை மிகச் சிறிதாகப் பிறந்த குழந்தைக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கும். தாடை எலும்பை வெட்டி, ஒரு கருவி பொருத்தி, நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் முன்னால் நகர்த்தி எலும்பை வளரச் செய்யும் அதிசயம் இன்று நடக்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால்தான் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு டொன்சிலை அகற்றியபின்னும் நோய் மிஞ்சுவது சகஜம். இரவில் காற்றழுத்த முகமூடி தேவைப்படலாம், மீண்டும் பரிசோதிக்காமல் விட்டுவிடக் கூடாது.

நோய் எவ்வளவு கடுமை என்று அறிய இரவுத் தூக்கப் பரிசோதனைதான் சிறந்தது. எல்லா வைத்தியசாலைகளிலும் அந்த வசதி கிடையாது. விரலில் மாட்டும் கருவியால் இரவு முழுவதும் ஒட்சிசனைப் பதிவு செய்வதும், கழுத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் உதவும். கிளினிக்குக்குப் போகுமுன் பிள்ளை தூங்குவதைக் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சு தெரியும்படி, சத்தம் கேட்கும்படி எடுங்கள். பகலில் வைத்தியர் முன் சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து, இரவில் நடப்பதை அவர் எப்படி அறிவார்? தடிமன் பிடித்த நாட்களில் மட்டும் வரும் குறட்டைக்காக ஓட வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் காட்டுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சை இலவசம். பட்டியலில் காத்திருக்க நேரலாம். காத்திருக்கும் காலத்தில் மூச்சுத் திணறல் கூடினால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், திகதி வரும் என்று வாய்மூடி இருக்க வேண்டாம்.

பஸ்ஸில் என் பக்கத்தில் தூங்கிய அந்த மாணவனுக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. மூன்று வாரம் கழித்து மத்ரஸாவுக்கு வந்தான். வாய் மூடியிருந்தது. அஸருக்குப் பின் விழித்திருந்தான். அதற்குப்பின் ஒரே பாய்ச்சலில் குர்ஆனை மனனம் செய்துவிட்டான் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலும், பிள்ளைகளின் நடத்தையும் உடல்நலமும் நன்றாகத் தேறினவே தவிர, கவனத்தை அளக்கும் பரீட்சையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இவனும் பாடம் மெதுவாகத்தான் பிடிப்பான். ஆனால் சண்டை பிடிப்பது குறைந்தது, உடம்பு தேறியது. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறான்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: கணவரிடம் தொலைபேசியில் பேசி அவருடைய சம்மதத்தை இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள். மாமியோடு வாதிட வேண்டாம். அவரும் பேரன் மீதுள்ள பாசத்தால்தான் தடுக்கிறார். இஷாவுக்குப் பின் பிள்ளை தூங்கியதும் அவரைப் பக்கத்தில் அமர்த்தி, விளக்கைப் போட்டு, மூச்சு நிற்கும்போது எண்ணச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அவரையும் கூடவே கூட்டிச் செல்லுங்கள். அவர் ஓதி ஊத விரும்பினால் தாராளமாக ஓதட்டும். பிள்ளையைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோகும் வாசல் வரை அவர் ஓதிக்கொண்டே வரலாம்.